ராக்கெட் மேல் உயிராக இருக்கும் பிள்ளைக்கு மற்ற பாடங்களை எப்படிச் சொல்லித் தருவது?

வள்ளியூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகன் ஆறாம் வகுப்பு. ராக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். கணக்கு, சமூக அறிவியல், தமிழ், இங்கிலீஷ் எல்லாம் வேப்பங்காய். விண்வெளியை வைத்தே எல்லாப் பாடத்தையும் சொல்லிக்கொடுக்க முடியுமா, முடியுமென்றால் எங்கே தொடங்குவது, பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற என்னால் ஆகுமா என்பது அவர் கேள்வி.

ஆகும், தங்கச்சி. நான் நாங்குநேரி, களக்காடு பக்கத்து நடுநிலைப் பள்ளிகளில் முப்பது வருஷம் கணக்கு எடுத்தவள். உங்கள் மகனைப்போல வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொரு செட்டிலும் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களிடம் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பலிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் 'ஒரு வியாபாரியிடம் 24 மாம்பழம்' என்று இருக்கும். அதை அழித்து 'ஒரு விண்வெளி வீரரிடம் 24 மாம்பழம்' என்று மாற்றிவிட்டால் கணக்கு பிடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். கஷாயத்தில் கருப்பட்டி கலந்து கொடுக்கிறோம் என்று புரிந்துகொண்டு இரண்டாம் நாளே வாயை மூடிக்கொள்வான். விடை தெரிந்தே ஆகவேண்டும் என்று அவனுக்கே அரிக்கிற ஒரு கேள்வியை எடுங்கள். அது எந்தப் பாடத்துக்குள் போனாலும் கூடவே போங்கள். கணக்கைத் தொடாமல் விடை வராது என்ற இடத்தில் அவனே கணக்கைத் தொடுவான்.

ராக்கெட்டை இப்போது தொடாதீர்கள். ஒரு கம்பில் தொடங்குங்கள். ஒரு மீட்டர் நீளத்தில் நேரான கம்பு ஒன்றை மொட்டை மாடியில் நட்டு வையுங்கள். எங்கள் ஆச்சி 'தட்டட்டி' என்பாள், அந்த வெயில் காயும் தளம்தான் வேண்டும். கம்பு நேராக நிற்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டு சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரையிலிருந்து ஒரு மணிவரை, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும். எந்தப் புள்ளியில் நிழல் மிகக் குட்டையோ அதுதான் உங்கள் ஊரின் உச்சிப்பொழுது. சூரியனை மட்டும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, இதில் கண்டிப்பாக இருங்கள். நிழலைப் பார்த்தாலே போதும்.

அப்போது கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 12 மணி இருக்காது. வருஷத்தின் பெரும்பகுதியில் 12.20-ஐ ஒட்டி முன்னே பின்னே இருக்கும். உச்சிவெயில் ஏன் இருபது நிமிஷம் தாமதமாக வருகிறது என்று அவன் கேட்பான். அங்கேதான் சமூக அறிவியல் புத்தகத்தைத் திறக்க வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்த நேரம். வள்ளியூர் இருப்பது சுமார் 77.6 பாகையில். வித்தியாசம் 4.9. பூமி 360 பாகை சுற்ற 1,440 நிமிஷம் ஆகிறது, ஆக ஒரு பாகைக்கு 4 நிமிஷம். 4.9-ஐ நான்கால் பெருக்கினால் 19.6. நிழலில் கண்டதும் நோட்டில் வந்ததும் கிட்டத்தட்ட ஒன்றுபோல நிற்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். தசமப் பெருக்கலுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நம் பக்கத்துக்கென்றே ஒரு கொடுப்பினை உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில்தான் இருக்கிறோம். அதனால் வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். ஏப்ரல் 12 வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் 31 வாக்கில் ஒரு தடவை. அன்றைக்கு உச்சியில் கம்புக்கு நிழலே இருக்காது. ஏப்ரல் நாள் சித்திரை விசுவை ஒட்டி வருவதால் பிள்ளைகள் மறப்பதில்லை. இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் நாலரை மாதம் உச்சி நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. அட்சரேகையை மனப்பாடம் செய்து வாந்தியெடுத்த பிள்ளைகள்கூட இதைக் கையால் தொட்டபின் மறந்ததில்லை.

சென்னையில் உங்களுக்குச் சொந்தம் யாராவது இருப்பார்கள். அங்கே இருக்கும் பிள்ளையிடமும் ஒரு மீட்டர் கம்பு நடச் சொல்லுங்கள். டிசம்பர் 21 வாக்கில் உங்கள் ஊரில் உச்சி நிழல் சுமார் 62 செ.மீ. வரும், சென்னையில் சுமார் 74 செ.மீ. வரும். அவரவர் ஊர் உச்சிப்பொழுதில் அளக்க வேண்டும், ஒரே கடிகார நேரத்தில் அளந்தால் பிழை வந்துவிடும். இரண்டையும் கட்டம் போட்ட தாளில் செங்கோண முக்கோணமாக வரைந்து, கோணமானியால் மேல் கோணத்தை அளந்தால் வித்தியாசம் ஏறத்தாழ 4.7 பாகை. தெற்கு வடக்காக இரண்டு ஊருக்கும் இடையே தூரம் சுமார் 520 கி.மீ. பஸ் போகிற தூரத்தை எடுக்கக் கூடாது, ரோடு வளைந்து வளைந்து போகும், சென்னை கிழக்கே வேறு தள்ளியிருக்கிறது. வரைபடத்தில் நேராகத் தெற்கு வடக்காக மட்டும் அளக்க வேண்டும். இந்த ஒரு திருத்தமே ஒரு முழு வகுப்புக்குச் சமம். 4.7 பாகைக்கு 520 கி.மீ. என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? நாற்பதாயிரத்தை ஒட்டி வரும். பூமியின் சுற்றளவு அதுதான். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் செய்த அதே வேலையை வள்ளியூர்ப் பையனும் சென்னைப் பிள்ளையும் ஃபோனில் பேசிக்கொண்டே செய்துவிடுவார்கள். அரைப் பாகை தவறினாலும் விடை நாலாயிரம் கி.மீ. ஆடிப்போகும். அளவை ஏன் கவனமாக எடுக்க வேண்டும் என்று அன்றைக்கு அவனுக்கே தெரியும்.

கம்பு முடிந்ததும் அவன் ஆசைப்பட்ட ராக்கெட்டுக்கு வரலாம். 'குலசையில் ஏன் ஏவுதளம் கட்டுகிறார்கள்?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு பருவமே ஓட்டலாம்.

குலசை என்று நாம் சொல்வது தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊரான குலசேகரன்பட்டினத்தை. அங்கே ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அன்று தேசிய அறிவியல் நாள். ஊரில் யாரைக் கேட்டாலும் 'நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அதனால் பூமி சுற்றுகிற வேகம் ராக்கெட்டுக்குக் கிடைக்கும்' என்பார்கள். பல யூடியூப் வீடியோக்களிலும் இதே பதில்தான் வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் குலசைக்கு அது காரணம் இல்லை. வரைபடத்தை விரித்து அவனே கண்டுபிடிக்கட்டும். பூமியின் சுழற்சி உதவ வேண்டுமென்றால் கிழக்கு நோக்கி ஏவ வேண்டும். குலசைக்கு நேர் கிழக்கே விரலை நகர்த்தினால் இலங்கையில் போய் முட்டும். ஆட்கள் வாழும் நிலத்துக்கு மேல் ராக்கெட்டை விட முடியாது, எரிந்து முடிந்த பாகங்கள் கீழே விழும். இனி தெற்கே நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கடல்தான். குலசை அதற்காகத்தான்.

தெற்கே ஏன் போக வேண்டும்? பூமியைப் படம் எடுக்கிற செயற்கைக்கோள்கள் பல, துருவங்களுக்கு மேலாகத் தெற்கு வடக்காகச் சுற்றுகின்றன. ஒரு பந்தை மெல்ல உருட்டிக்கொண்டே அதன் மேல் பேனாவால் மேலும் கீழுமாகக் கோடு போடச் சொன்னால் புரியும். கொஞ்ச நேரத்தில் பந்து முழுக்கக் கோடு விழுந்துவிடும். பூமி கீழே சுழல, கோள் மேலே போய் வர, எந்த ஊரும் தப்பாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இப்படித் தெற்கே ஏவினால் வழியில் இலங்கை குறுக்கிடுகிறது. அதனால் ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தாண்டியபின் திரும்புகிறது. வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்குப் போக திசையன்விளை சுற்றிக்கொண்டு போவது மாதிரி. பெரிய ராக்கெட் இந்த வீண் செலவைத் தாங்கும். 500 கிலோவை 500 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுபோகவென்றே செய்த எஸ்.எஸ்.எல்.வி. மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் போனால் சுமையில் பெரும்பங்கு போய்விடும்.

இவ்வளவும் புவியியலும் அறிவியலும். இனி அந்த ஊருக்கே கூட்டிப்போங்கள். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு எப்படியும் போவீர்கள்தானே, அப்போது ஒரு நாள் கூடத் தங்குங்கள். பாண்டியன் பெயரைச் சுமக்கிற பழைய துறைமுகம் அது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் அங்கே உப்பளத்தில் ஒரு ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டு, குலசேகரன்பட்டினம் சதி வழக்கு என்று நாடே பேசிய வழக்கு நடந்தது. சுதந்திரப் போராட்டப் பாடத்தில் வரும் 'வெள்ளையனே வெளியேறு' தன் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது என்று தெரிந்தால் பிள்ளை அந்தப் பக்கத்தை வேறு மாதிரிப் படிப்பான். போகிற வழியில் தேரிக்காடு வரும். அந்தச் செம்மணல் ஏன் சிவப்பு என்று கேளுங்கள். மணலின் மேல் இரும்பு ஆக்சைடு பூசியிருக்கிறது. செவ்வாய்க் கோளின் சிவப்புக்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம்.

ஒரு விஷயத்தை மறைக்காதீர்கள். ஏவுதளத்துக்கு இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். அங்கே தோட்டமும் வீடும் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஏவும் நாட்களில் கடலுக்குப் போக முடியாதே என்ற கவலை மீனவர்களுக்கு உண்டு. தேசத்துக்குப் பெருமை, ஊருக்கு வேலை என்று நம்புகிறவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். 1960-களில் கேரளத்தில் தும்பாவிலும் இதே கதைதான். மீனவர்கள் தங்கள் மாதா கோயிலையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்த இடத்திலிருந்துதான் 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து ஏவிய முதல் ராக்கெட் போனது. இரண்டு தரப்பையும் பிள்ளை கேட்கட்டும். குடிமையியல் பாடத்தில் 'பொதுநலன்' என்று ஒரு சொல் வரும், அதன் எடை அப்போதுதான் தெரியும்.

தும்பாவைச் சொன்னதும் இன்னொன்று. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போனதுதான். அதே கோடு நம் திருநெல்வேலியை ஒட்டியும் போகிறது. அதற்காகத்தான் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. சிற்பம் பார்க்க அந்தக் கோயிலுக்குப் போகிற எத்தனையோ பேருக்கு இது தெரியாது. நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 105 கி.மீ. உயரத்தில் பகல் பொழுதில் கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது, அதைத்தான் அங்கே கவனிக்கிறார்கள். வீட்டில் செய்ய ஒன்று உண்டு. தைக்கிற ஊசியை முதலில் நூலில் கட்டி, அது படுக்கைமட்டமாக நிற்கும்படி முடிச்சைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு அதைக் காந்தத்தில் ஒரே பக்கமாக இருபது முப்பது தடவை தேய்த்து மறுபடி தொங்கவிடுங்கள். நம் ஊரில் அது தெற்கு வடக்காகத் திரும்பி, படுத்தவாக்கில் நிற்கும். லண்டனில் இதையே செய்தால் வட முனை தரையை நோக்கி வெகுவாகச் சாய்ந்துவிடும்.

அடுத்தது கோலம். இது எனக்கு மிகவும் பிடித்த பாடம், ஆச்சியோ அம்மாவோ கூட இருந்தால் இன்னும் நல்லது. சந்திரயான்-3 2023 ஜூலை 14 அன்று கிளம்பியதும் அதை முதலில் விட்ட பாதை ஒரு நீள்வட்டம். பூமிக்கு மிகக் கிட்டே 170 கி.மீ., மிகத் தூரத்தில் 36,500 கி.மீ. இதை முற்றத்தில் வரையலாம். 500 கி.மீ.க்கு ஒரு செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் 72.7 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி. ஆணிக்கு ஆணி 98.8 செ.மீ. நீளம் வரும்படி நூலைத் தொய்வாகக் கட்டுங்கள். சாக்பீஸை நூலுக்குள் விட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்றினால் நீள்வட்டம் வந்துவிடும். அதன் மேல் கோலமாவு போடுங்கள். ஒரு ஆணியை மையமாக வைத்து 12.7 செ.மீ. ஆரத்தில் பூமியை வரையுங்கள். ஒரு பக்கம் பாதை பூமியை உரசுகிற மாதிரி, மூன்று மில்லிமீட்டர் சொச்சம் தள்ளிப் போகும். மறுபக்கம் எங்கேயோ போய்த் திரும்பும். இதே அளவில் நிலா எங்கே இருக்கும்? 3,84,400-ஐ 500-ஆல் வகுத்தால் ஏழே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வாசலைத் தாண்டித் தெருவில். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று மகன் கேட்டால் பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்பதை மட்டும் சொல்லி, கூட்டிக் கழித்து அவனையே எடுக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கோலத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு கேள்வி. 1969-ல் அப்போலோ-11 நிலாவில் இறங்க நாலு நாள். நம் சந்திரயான்-3 இறங்க நாற்பது நாள், ஆகஸ்ட் 23. ஏன்? அவர்களிடம் மிகப் பெரிய ராக்கெட் இருந்தது, ஒரே உந்தலில் அனுப்பினார்கள். நாம் ஊஞ்சலில் பிள்ளையைத் தள்ளுவது மாதிரி, பூமிக்குக் கிட்டே வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உந்தி நீள்வட்டத்தை நீட்டிக்கொண்டே போனோம். செலவுக்கும் பொறுமைக்கும் உள்ள கணக்கு அது. அப்படியே 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் ஏன் வீணானது என்பதையும் இங்கேயே காட்டலாம். 356 கி.மீ. வட்டப் பாதைக்குப் பதில் கோள்கள் 356-க்கு 76 கி.மீ. என்ற பாதையில் மாட்டின. 76 கி.மீ.யில் காற்று பிடித்து இழுத்துவிடும். ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, அதே ராக்கெட் சரியாகப் போனது. தேர்வில் மதிப்பெண் குறைந்து அழுகிற பிள்ளையிடம் இந்த இரண்டு தேதியையும் சொல்லியிருக்கிறேன்.

தெருவில் செய்ய வேண்டிய பாடம் ஒன்று. விடியற்காலை, போக்குவரத்து இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். நாங்கள் திருநெல்வேலி டவுனில் ரத வீதியில் செய்தோம். ஒரு லட்சம் கி.மீ.க்கு ஒரு செ.மீ. சூரியன் 14 செ.மீ. குறுக்களவுள்ள பெரிய தேங்காய். பூமி ஒரு கடுகு, தேங்காயிலிருந்து 15 மீட்டரில். நிலா அந்தக் கடுகிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு மாவுத் துகள். வியாழன் ஒரு கோலிகுண்டு, 78 மீட்டரில். நெப்டியூன் 450 மீட்டரில், அங்கே நிற்கிற பிள்ளைக்குத் தேங்காயே தெரியாது. அடுத்த நட்சத்திரம் எங்கே என்று அப்போது கேட்பார்கள். இந்தத் தெருவில் இல்லை. இந்த அளவில் அது நாலாயிரம் கி.மீ. தள்ளி, காஷ்மீரையும் தாண்டி. இதைச் சொன்னதும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். அந்த மௌனத்தைக் கலைக்காதீர்கள்.

சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா-எல்1 சூரியனுக்கே போய்விட்டது என்று பலர் சொல்கிறார்கள். இதே தெருவில் அதற்கும் இடம் காட்டலாம். அது இருப்பது 15 லட்சம் கி.மீ.யில். கடுகிலிருந்து 15 செ.மீ., ஒரு சாண்கூட இல்லை. சூரியன் 15 கோடி கி.மீ. லட்சத்துக்கும் கோடிக்கும் நூறு மடங்கு என்பதும், நூற்றில் ஒன்று என்றால் ஒரு சதவீதம் என்பதும் ஒரே சாணில் முடிந்துபோகிறது. அந்தத் திட்டத்தை இயக்குநராக இருந்து நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். நம் தமிழ் வழிப் பிள்ளைகளிடம், முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம், நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இரவுக்கு டெலஸ்கோப் எதுவும் வாங்கவேண்டாம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்கும் குறைவான உயரத்தில், தென்னை மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். ஒரு ஊரில் அது எத்தனை பாகை உயரமோ அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பிப் பாருங்கள். வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ் உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே, அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரத்தில், பிரகாசத்தில் இரண்டாவது நட்சத்திரம். அதுதான் அகத்தியர். பொதிகையில் இருக்கிறார் என்று நாம் கும்பிடுகிற அதே அகத்தியர். டெல்லியில் ஒரு முஷ்டி உயரம்கூட ஏறாது, லண்டனில் எழுவதே இல்லை. 1964-ல் செவ்வாய்க்குக் கிளம்பிய மாரினர்-4 தன் திசையைத் தவறவிடாமல் இருக்கச் சூரியனையும் இந்த நட்சத்திரத்தையும்தான் பார்த்துக்கொண்டே போனது. செவ்வாயை முதன்முதலில் கிட்டத்தில் படம் பிடித்த விண்கலம் அது. தாமிரபரணிக்குத் தண்ணீர் தந்தவராக ஆச்சி சொல்கிற முனிவரை விண்கலமும் நம்பிப் போனது என்றால் பிள்ளை அடுத்த நாள் வகுப்பில் எல்லோரிடமும் சொல்வான்.

தமிழை இந்த வழியில் தொடுவது எளிது. 'கலம்' என்ற சொல்லைக் கொடுங்கள். பாத்திரம், கப்பல், நெல் அளவு, அணிகலத்தில் நகை, இப்போது விண்கலம். 'கோள்' எங்கிருந்து வந்தது? 'கொள்' என்பதிலிருந்து. செயற்கை என்பதோடு கோள் சேர்ந்தால் 'க்' மிகுகிறது, விண் என்பதோடு கலம் சேர்ந்தால் மிகவில்லை. மண் குடம் மட்குடம் ஆகும்போது விண்கலம் ஏன் விட்கலம் ஆகவில்லை என்று அவன் தமிழாசிரியரிடம் போய்க் கேட்கட்டும், நல்ல ஆசிரியர் மகிழ்ந்துபோவார். இங்கிலீஷுக்கு இஸ்ரோ தன் தளத்தில் போடுகிற சின்ன அறிக்கைகளே போதும். ஏவப்பட்டது, நிலைநிறுத்தப்பட்டது என்று செயப்பாட்டு வினை நிறைந்திருக்கும். நாளைக்கு ஐந்து வரி தமிழாக்கட்டும். மில்லியனை லட்சமாக்கும்போது கணக்கும் கூட வரும்.

மகேந்திரகிரி உங்கள் வீட்டிலிருந்து தெரிகிற மலை. அதன் அடிவாரத்தில் இஸ்ரோ சோதிக்கிற, கடுங்குளிர் எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் என்ஜினில் எரிவது திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். ஒன்று கழித்தல் 253 டிகிரி, மற்றது கழித்தல் 183. எரிந்து வெளியே வருவது நீராவி. ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ இருக்கும், அதே குடத்தில் திரவ ஹைட்ரஜன் பிடித்தால் ஒரு கிலோதான். தொட்டி ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கு அடர்த்தி என்ற பாடம் தானாக வந்துவிடும்.

குடம் என்றதும் 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் வருகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். அப்படியானால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் 950 லிட்டர், அறுபத்து மூன்று குடம். தரையில் ஒரு சதுர மீட்டர் கட்டம் வரைந்து அதில் பிள்ளையை நிற்க வையுங்கள். 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் இன்சாட் கோள்கள் அந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. பார்ப்பது வேறு, எந்த ஊரில் எத்தனை செ.மீ. கொட்டும் என்று முன்கூட்டிக் கணிப்பது வேறு. அந்தக் கணிப்பு இன்னும் கடினம், அவன் வளர்ந்து செய்ய நிறைய வேலை அதில் மிச்சம் இருக்கிறது. உவரியிலோ இடிந்தகரையிலோ தெரிந்தவர்கள் இருந்தால், மீன் எங்கே கிடைக்கும் என்று தினமும் வருகிற தகவலைக் காட்டச் சொல்லுங்கள். கடல்பரப்பின் வெப்பத்தையும் பாசி நிறத்தையும் கோள் பார்த்துச் சொல்வது அது.

விண்வெளியால் ஆகாததும் உண்டு. வாய்ப்பாடு வாய்ப்பாடாகத்தான் வரும், தினம் பத்து நிமிஷம் சொல்லித்தான் ஆக வேண்டும். எழுத்துப்பிழைக்கும் கையெழுத்துக்கும் குறுக்கு வழி இல்லை. சோழர் வரலாற்றையும் உடலின் செரிமானத்தையும் இழுத்துப் பிடித்து ராக்கெட்டில் ஏற்றாதீர்கள், இரண்டும் கெடும். பள்ளிப் பாடத்துக்கு இது மாற்றும் இல்லை. மாதத்துக்கு இரண்டு கேள்வி, அதற்கு மேல் வேண்டாம். வீடியோவைக் கடைசியாகக் காட்டுங்கள். முதலில் காட்டினால் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் வந்து கை வேலை செய்யாது. கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, ஒரு சனிக்கிழமை முழுக்க அவன் போக்கில் விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் இஸ்ரோ நடத்தும் யுவிகா முகாமுக்கு விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்புதான் படித்தேன் என்று தயங்கியிருந்தீர்கள். 'எனக்கும் தெரியல, வா பாப்போம்' என்று சொல்ல முடிகிற தாய்க்கு அது போதும். ஒரு எண்பது பக்க நோட்டு வாங்குங்கள், இடது பக்கம் அவன் கேள்வி, வலது பக்கம் அவன் அளந்தது. வருகிற ஞாயிறு பதினொன்றரைக்குக் கம்பை நட்டுவிடுங்கள். வெயில் கடுமையாக இருக்கும், தலைக்குத் துண்டும் பக்கத்தில் ஒரு செம்பு மோரும் வைத்துக்கொள்ளுங்கள். குட்டை நிழல் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை செ.மீ. இருந்தது என்று தேதியோடு எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே பாளையங்கோட்டையில் நானும் அன்றைக்கு அளந்து வைக்கிறேன்.